நேர்ச்சைக் கிடாயின் நாலாவது கால்

நூருன்னிசாவின் வலது காலில் மட்டும் காய்ச்சல் அடித்தது.

ஹைருன் பீவி முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். விடிந்ததிலிருந்து அடுப்படியில் கிடக்கிற கைக்கு எதைத் தொட்டாலும் சூடாகத்தான் தெரியும் என்று, வெளியே போய்த் தொட்டித் தண்ணீரில் கையை முக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஆறு வயதுப் பிள்ளையின் நெற்றி குளிர்ந்திருந்தது. இடது கால் சாரல் காற்றில் சில்லென்று கிடந்தது. வலது தொடை மட்டும், அப்போதுதான் இறக்கிவைத்த பாத்திரம் மாதிரி, உள்ளேயிருந்து சுட்டது.

"வலிக்குதாட்டி?"

"இல்ல உம்மா. கதகதன்னு இருக்கு."

அது ஐம்பத்தேழாம் வருடத்துச் சாரல். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரத்தில் அவர்கள் வீடு. ஐந்து நாளாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கே உள்ளறையில் விளக்கு ஏற்றவேண்டியிருந்தது. காற்று மலைப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அருவியின் இரைச்சல் ஓட்டுக்கு மேலே வந்து நின்றுவிட்டுப் போகும். நனைந்த ஓட்டின் வாசம், சுவரில் பூத்த பாசியின் வாசம், காயாத துணிகளின் வாசம், இத்தனையையும் அமுக்கிக்கொண்டு பின்பக்கக் கொட்டகையிலிருந்து கறி புகைகிற வாசம் வந்துகொண்டே இருந்தது. அந்த வாசத்தின் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

எல்லாம் அவள் புருஷன் கிதிர் முகம்மதுவின் வேலை. அவனுக்கு மர வியாபாரம். கொல்லத்திலிருந்து பெரிய மர முதலாளி ஒருவர் இன்று சாயங்காலம் வருகிறார். எஸ்டேட் துரைமார் பங்களாவில், கரிப்புகையில் நாளெல்லாம் வெந்த தொடைக்கறியைத் தின்று ருசி கண்டவர். அவருக்காக, அல்வாக் கடையில் கழித்துப்போட்ட இரண்டு இரும்புச் சட்டிகளை வாங்கி, ஒன்றை அடியிலும் ஒன்றை மூடியாக மேலேயும் வைத்து, மூடியில் விரல் நுழைகிற அளவு ஓட்டை போட்டு, மூன்று கால் பொருத்தி எடுத்து வந்திருந்தான். இரண்டு மாதம் முன்பு, பெற்ற பிள்ளை நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு நாள் கடையை அடைக்காத மனுஷன், எவனோ ஒருத்தன் நாக்குக்காக ஆசாரி பட்டறையில் இரண்டு நாள் காவல் இருந்தான். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் குனிந்து பிள்ளையின் தொடையை முகர்ந்தாள்.

மிளகு வாசம். பூண்டு. அதற்கு அடியில், புகை.

அந்த அறை காலையிலிருந்து சாத்திக் கிடந்தது. பிள்ளை கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. போர்வையை முகர்ந்தாள், தலைமுடியை முகர்ந்தாள்; அங்கெல்லாம் பால்மணமும் எண்ணெய் மணமும்தான். சோப்புப் போட்டுத் துடைத்துப் பார்த்தாள். வாசம் தோலில் இல்லை, தோலுக்கு உள்ளே இருந்தது.

"உம்மா, ஈரத்துணி வச்சுத் தொடைக்காதீங்க, கூசுது."

துணி அவள் கையில் இல்லை. அதை அவள் அப்போதே கொடியில் போட்டிருந்தாள்.

ஜன்னல் வழியாகக் கொட்டகை தெரிந்தது. வேலைக்காரர் சுடலையாண்டி மூடியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நசுக்கிய வாழைமட்டையை உப்புப் போட்ட புளித்த காடியில் முக்கிக் கறியின் மேல் தடவிக்கொண்டிருந்தார். மெதுவாக, மேலிருந்து கீழே, ஒரு தடவை. பிள்ளை சிரித்துக்கொண்டு காலை இழுத்துக்கொண்டது. மறுபடி ஒரு தடவை. பிள்ளை மறுபடி இழுத்தது.

சுடலையாண்டி மட்டையைக் கீழே வைத்துவிட்டு, வெந்துவிட்டதா என்று பார்க்கிற கம்பியை எடுத்தார். ஹைருன் பீவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் குத்தினார்.

"ஸ்ஸ்" என்றது பிள்ளை.

தொடையின் நடுவில், மிளகு அளவில் ஒரு சிவந்த புள்ளி.

அவள் தலையில் முக்காடு இல்லாமலே மழையில் இறங்கி ஓடினாள். 

"அண்ணாச்சி, இந்தக் கறி எங்க வாங்கினது?"

சுடலையாண்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்த கரியைக் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"உங்களத்தான் கேக்கேன்."

"நம்ம முதலாளி சொல்லக்கூடாதுன்னாகம்மா."

"சொல்லுங்க."

"முந்தாநாளு அறுத்த கிடாதான். மூணு காலும் உடம்பும் பங்கு வச்சிக் குடுத்தாச்சு. ஒரு தொடைய மட்டும் முதலாளி எடுத்து உப்புல போட்டு வச்சிட்டாக."

அது நேர்ச்சைக் கிடா. காய்ச்சலின் இருபத்தோராவது நாள், வைத்தியர் கையை விரித்துவிட்டுப் போன அன்று, அவள் தன் வாயால் நேர்ந்தது: பிள்ளை எழுந்து நடந்தால், இந்த உயிருக்குப் பதிலாக ஒரு கிடாயை அறுத்து, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். நேர்ந்தவர்கள் வீட்டில் அந்தக் கறியை உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைப்பதில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கிதிர் முகம்மதுவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எடுத்திருக்கிறான்.

"வெளிய எடுங்க அண்ணாச்சி. இப்பவே யாருக்காவது குடுத்துருவோம்."

அவர் தயங்கினார். அவளே மூடியைப் பிடித்துத் தூக்கினாள். உள்ளங்கை பொரிந்தது, விடவில்லை. கொய்யாக்கட்டைப் புகை முகத்தில் அடித்தது. உள்ளே, நெருப்புக்கு எட்டாத ஓரத்தில், அந்தத் தொடை மேல்தோல் கறுத்து, இடுக்குகளில் நெய் கசிய, சும்மா கிடந்தது. ஆட்டுத் தொடைதான். வேறு ஒன்றும் இல்லை. அவள் பக்கத்தில் கிடந்த கொக்கியை எடுத்து அதில் மாட்டி இழுத்தாள்.

உள்ளறையிலிருந்து பிள்ளை அலறியது.

அப்படி ஓர் அலறலை அந்த நாற்பது நாளிலும் அவள் கேட்டதில்லை. கொக்கியை விட்டாள். அலறல் நின்றது. சுடலையாண்டி இரண்டு அடி பின்னால் போய் மழையில் நின்றார். கறியையும் பார்த்தார், உள்ளறை ஜன்னலையும் பார்த்தார். பிறகு தோள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வேலிப்படலைத் திறந்து போய்விட்டார்.

கிதிர் முகம்மது வந்துவிட்டான். 

"ஏட்டி, மூடிய எதுக்குத் திறந்த? சூடு போச்சுன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும்லா."

"அது நேர்ச்சைக் கறி. பிள்ள கால் சுடுது, வந்து தொட்டுப் பாருங்க."

"நாலுல மூணு காலு குடுத்தாச்சு. ஒண்ணு கொறஞ்சா ஆண்டவன் கோவிச்சுக்கிடுவானா?"

"நான் ஒரு துண்டும் எடுக்க மாட்டேன்னு நேர்ந்தேன்."

"நீதான நேர்ந்த. நான் நேரலையே."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது. ஹைருன் பீவிக்கு அவனை அந்தச் சட்டிக்குள் தள்ளிவிடலாம் போல இருந்தது. கொல்லத்து முதலாளி கையெழுத்துப் போட்டால் மூன்று வருடத்துக்கு மரம் இவனுக்குத்தான். அதற்குப் பிள்ளையின் உயிர் போனாலும் இவனுக்கு ஒன்றுமில்லை. அவள் அதைச் சொன்னாள். இன்னும் கேவலமாகவும் சொன்னாள். அவன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, பிள்ளை இருந்த அறைக்குள் தள்ளி, வெளியே நாதாங்கியைப் போட்டான்.

"அவரு போற வரைக்கும் வாயத் திறக்காம கிட."

அதற்குப் பிறகு நேரம் நகரவில்லை. மூடியிலிருந்த ஓட்டைகள் வழியாகப் புகை மெல்லிய நூல்களாக வெளியேறி, சாரலில் எழும்ப முடியாமல், தரையோடு ஊர்ந்து ஜன்னலுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. அவள் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். கதவை உதைத்தாள். ரோட்டில் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளின் சலங்கைச் சத்தத்தில் அவள் கூப்பாடு யாருக்கும் கேட்கவில்லை. அறைமூலைப் பானையிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு தொடையில் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் வெதுவெதுப்பாக வழிந்தது. தோல் முதலில் மஞ்சளாகி, பிறகு செம்பு நிறமாகி, முழங்காலுக்கு மேலே கறுக்க ஆரம்பித்தது. பிள்ளைக்கு வலியில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. அது பாட்டுக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு, தூக்கம் வருகிற கண்களோடு படுத்திருந்தது.

"உம்மா, மெதுவா இருக்கு."

"எதுட்டி?"

"கால். பஞ்சு கணக்கா மெதுவா."

சாயங்காலம் கார் வந்து நின்றது. குடையை உதறுகிற சத்தம். நாற்காலி இழுபடுகிற சத்தம். கிதிர் முகம்மதுவின் குரல், கடையில் பெரிய ஆட்களிடம் பேசுகிற குழைந்த குரல். கொட்டகையில் இரும்பு மூடி திறக்கப்பட்டது.

"குளுகுளுன்னு காத்து வருது" என்றது பிள்ளை.

கதவு இடுக்கு வழியாக வாசம் வந்தது. தட்டு வைக்கிற சத்தம்.

"அறுக்காதீங்க" என்று அவள் கத்தினாள். "அது நேர்ச்சைக் கறி, உங்க பிள்ள கறி, அறுக்காதீங்க."

கூடத்தில் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"ஒண்ணுமில்ல முதலாளி. பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்ல. அதுல அவ உம்மாவுக்குக் கொஞ்சம் கோட்டி பிடிச்ச மாதிரி ஆயிட்டு. இருங்க, மொதல்ல நான் உப்புப் பாத்துட்டுத் தாரேன்."

ஹைருன் பீவி போர்வையை இழுத்து எறிந்தாள். கட்டிலில் மண்டியிட்டு, கொப்புளம் கண்ட இரண்டு கைகளாலும் அந்தத் தொடையைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். நெய்யும் பாலும் ஊட்டி இரண்டு மாதத்தில் தேற்றிய தொடை. இரண்டு கை விரல்நுனிகளுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. வரட்டும். என் கையை அறுத்துவிட்டு அப்புறம் அறுக்கட்டும்.

கத்தி தட்டில் உரசியது.

அவள் விரல்கள் நகர்ந்தன. அவள் நகர்த்தவில்லை. பிடித்த பிடி தளரவில்லை. ஆனாலும் நகர்ந்தன.

ரத்தம் இல்லை. சத்தம் இல்லை.

கூடத்தில் கிதிர் முகம்மது மெல்லுகிற சத்தம் கேட்டது.

"உப்பு சரியா இருக்கு முதலாளி."

மறுபடி கத்தி. விரல்கள் இன்னும் நெருங்கின. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, தூக்கத்தில் சிரித்தது.

"வலிக்கல உம்மா."

"கொள்ளாம், நல்ல ருசி" என்றது கொல்லத்துக் குரல். "இன்னும் ஒண்ணு கூடி வை."

அவள் இறுக்கிப் பிடித்தாள். கத்தி. இன்னும் இறுக்கினாள். கத்தி. அவளுடைய பத்து விரல்களின் நுனிகளும் ஒன்றையொன்று தொட்டன. பிறகு ஒன்றையொன்று தாண்டிப் போயின. உள்ளங்கைகளுக்குள்ளே, சூடாக, வழவழவென்று, எலும்பு மட்டும் இருந்தது.