ஆரஞ்சுப் பலகையின் அடியில்

அன்புசெல்வி எதையோ மறைக்கிறாள். அது என்ன என்றுதான் யாழினிக்குப் பிடிபடவில்லை.

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதான் விடிந்திருந்தது. செம்மேட்டுக் குளத்தின் மேல் பனி வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. கரையில் நின்றவர்களுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. யாழினியின் பல்லும்தான். ஆனால் அவள் கண் முழுக்க அன்புசெல்வியின் மேல்தான் இருந்தது.

இருவரும் ஆறாம் வகுப்பு. டேனியலும் அதே வகுப்பு. மூவரும் ஆறு மாதமாக இந்தக் குளத்தில் பலகை ஓட்டப் பழகுகிறார்கள்.

இது மரப் பலகை இல்லை. கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்தது. பம்பு வைத்துக் காற்றடித்தால் விறைத்துக்கொள்ளும். அதன் மேல் நின்றுகொண்டு நீளமான துடுப்பால் தண்ணீரைத் தள்ள வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குளத்தின் மேல் நின்றபடி வழுக்கிக்கொண்டு போவதைப் போல இருக்கும்.

சொல்லித் தருபவர் விஜயராணி அக்கா. திங்கள் முதல் சனி வரை அவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிறு வந்தால் குளத்தில்தான் இருப்பார். இதுவரை மூவரையும் கரையோரமாகத்தான் சுற்ற விட்டிருந்தார். இன்றுதான் முதல் முறையாக அக்கரைக்குப் போகிறார்கள். முழுதாக ஒரு கிலோமீட்டர்.

யாழினியின் சந்தேகம் நேற்று மாலை ஆரம்பித்தது.

மறந்து வைத்த குல்லாவை எடுக்கக் குளக்கரைக் கொட்டகைக்கு வந்தாள். உள்ளே அன்புசெல்வி தனியாகக் குந்தியிருந்தாள். அவள் முன்னால் யாழினியின் ஆரஞ்சுப் பலகை கவிழ்ந்து கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் அன்புசெல்வி திடுக்கிட்டு எதையோ பாவாடைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"சும்மாதான்."

சும்மா இருப்பவர்கள் ஏன் திடுக்கிட வேண்டும்? இரவு சாப்பிடும்போதும் யாழினி இதையே யோசித்தாள். இரண்டாவது தோசை ஆறிப்போனது.

இன்று காலை இன்னொன்று நடந்தது. லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தபோது அன்புசெல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாழினி, இன்னைக்கு ஒரு நாளைக்குப் பலகையை மாத்திக்கலாமா? நீ என்ற நீலப் பலகையை எடுத்துக்க."

"எதுக்கு?"

"ஆரஞ்சு நல்லா இருக்குதில்ல."

"போன வாரந்தான் அதை அழுகுன பப்பாளிக் கலர்னு சொன்ன."

அன்புசெல்வி காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி, விடு" என்று போய்விட்டாள்.

யாழினி நேராக டேனியலிடம் போனாள். டேனியல் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பனியன் போட்டிருந்தான். மூன்றுமே கம்பெனியில் கழித்துவிட்டவை. மேலே இருந்ததில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"அன்பு என்ற பலகையில காத்தை எறக்கி விட்டிருக்கா" என்று யாழினி கிசுகிசுத்தாள். "அக்கரைக்கு நான் கடைசியா வரணும்னு பாக்கறா."

டேனியல் நீளக் கையைச் சுருட்டிவிட்டபடி யோசித்தான். "அப்பறம் எதுக்கு அந்தப் பலகையையே கேக்கறா?"

யாழினி, "அதுதான் எனக்கும் சந்தேகமா இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

விஜயராணி அக்கா ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். ஆரஞ்சுப் பலகையும் மற்றதைப் போலவே இறுக்கமாக 'டொப் டொப்' என்றது. யாழினிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"விசிலு எல்லார் கழுத்துலயும் இருக்குதா? கணுக்கால்ல கயிறு மாட்டியாச்சா? தனியா யாரும் போகக் கூடாது. காத்து வந்தா உடனே முட்டி போட்டு உக்காந்துக்கோணும். சரிங்களா?"

"சரிங்க அக்கா."

நான்கு பலகைகள் தண்ணீரில் இறங்கின.

கரை பின்னால் போகப் போகக் குளம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பனிக்குள்ளிருந்து நீர்ப்பறவைகளான நாமக்கோழிகள் கத்தின. வேறொரு நாளாக இருந்தால் யாழினி இதையெல்லாம் ரசித்திருப்பாள். இன்று அவள் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

அன்புசெல்வி சரியாக இரண்டு துடுப்பு தூரத்தில் வந்துகொண்டிருந்தாள். யாழினி வேகம் எடுத்தால் அவளும் வேகம் எடுத்தாள். யாழினி மெதுவாகப் போனால் அவளும் மெதுவாக வந்தாள். முந்தவும் இல்லை, விலகவும் இல்லை.

"எதுக்கு என்ற பின்னாலயே வர்ற?"

"சும்மாதான்."

மறுபடியும் சும்மா. கடைசி நிமிடத்தில் முந்தப் பார்க்கிறாள் என்று யாழினி முடிவு செய்துகொண்டாள். துடுப்பை இறுக்கிப் பிடித்தாள்.

நடுக்குளத்துக்கு வந்தபோது காற்று கிளம்பியது. முன்னால் போன டேனியல் பறவைகளை வேடிக்கை பார்த்தபடி துடுப்புப் போட மறந்துவிட்டான். காற்று அவனைக் குளத்துக்குள் இருந்த வேலமரத் திட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"டேனியல், உக்காரு கண்ணு" என்று கத்திய விஜயராணி அக்கா, இவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் முட்டி போட்டு உக்காருங்க. பக்கம் பக்கமா இருங்க. அவனை இழுத்துட்டு வந்தர்றேன்."

யாழினி முட்டி போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முழங்கால் நனைந்தது.

குனிந்து பார்த்தாள். பலகையின் நடுப்பகுதி தொய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கையால் அமுக்கினாள். காலையில் கல்லைப் போல இருந்த பலகை இப்போது பழைய தலையணையைப் போல அமுங்கியது.

யாழினிக்கு முகம் சூடாகிவிட்டது.

"காத்தை எறக்கி விட்டியா நீ? உண்மையைச் சொல்லு."

"இல்ல."

"நேத்து கொட்டகையில நான் பாத்தேன்."

அன்புசெல்வி, "எறக்கி விடல. ஒட்டுப் போட்டேன்" என்றாள்.

"என்ன ஒட்டு?"

"நேத்து பலகைகளைக் கொண்டாந்த வேன்ல இருந்து உன்ற பலகையை எடுக்கறப்ப தரையில இழுத்துட்டேன். கல்லுல கிழிஞ்சிருச்சு. எங்கப்பா கடையில இருந்து ட்யூப் ஒட்டு கொண்டாந்து ஒட்டுனேன். ராத்திரி நல்லாத்தான் நின்னுச்சு."

அன்புசெல்வியின் அப்பா சென்னியப்பன், பல்லடம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர்.

"அப்பறம் எதுக்குப் பலகையை மாத்திக்கலாம்னு..." என்று கேட்க ஆரம்பித்த யாழினி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஓட்டை விழுந்த பலகையில் தானே ஏறிக்கொள்ளத்தான் அன்புசெல்வி கேட்டிருக்கிறாள். அதற்கு யாழினி ஒத்துக்கொள்ளாததால்தான் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ஆரஞ்சுப் பலகை இரண்டாக மடங்கியது. யாழினி தொபுக்கென்று தண்ணீருக்குள் விழுந்தாள். அவளைப் பிடிக்கக் கை நீட்டிய அன்புசெல்வியும் பின்னாலேயே விழுந்தாள்.

மார்கழித் தண்ணீர் காதுக்குள் ஊசியாகக் குத்தியது. லைஃப் ஜாக்கெட் இருவரையும் மேலே தூக்கிவிட்டது. அன்புசெல்வி கண்ணை மூடிக்கொண்டு கையையும் காலையும் கண்டபடி அடித்தாள்.

"அன்பு, கண்ணைத் தொற. என்னைப் பாரு. நீ மெதந்துட்டுத்தான் இருக்கற."

யாழினி நீலப் பலகையை அவள் பக்கமாகத் தள்ளினாள். "நடுவுல இருக்கற கைப்பிடியைப் புடிச்சுக்க. தவளை மாதிரி காலை உதை. இன்னொரு வாட்டி."

மூன்றாவது உதையில் அன்புசெல்வி பலகையின் மேல் குப்புற விழுந்தாள். விழுந்த இடத்திலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

யாழினி விசிலை மூன்று முறை ஊதினாள். தூரத்தில் விஜயராணி அக்கா துடுப்பைத் தூக்கிக் காட்டினார். பார்த்துவிட்டார். ஆனால் டேனியலையும் இழுத்துக்கொண்டு எதிர்க்காற்றில் அவர் வந்து சேர வெகு நேரம் ஆகும். அதுவரை தண்ணீரிலேயே கிடந்தால் விரல்கள் மரத்துவிடும்.

யாழினி சுற்றிலும் பார்த்தாள். காற்று வடக்கே அடித்தது. அந்தப் பக்கம் கோரைப்புல் தெரிந்தது. புல் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஆழம் இருக்காது. காற்றோடு போனால் கரைக்குச் சுலபமாகப் போய்விடலாம்.

ஆரஞ்சுப் பலகையைத் தடவினாள். ஓரத்தில், அடிப்பக்கமாக, குமிழ் குமிழாகக் காற்று வந்துகொண்டிருந்தது. பாதி பிய்ந்த ஒட்டு விரலில் தட்டுப்பட்டது. பலகையைக் கவிழ்த்துப் போட்டாள். இப்போது கிழிசல் மேலே வந்துவிட்டது. பலகையின் மேல் குப்புறப் படுத்துக் கிழிசலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குமிழ் நின்றது. படுத்திருந்ததால் பலகையும் மடங்கவில்லை.

இன்னொரு கையால், ஆரஞ்சுப் பலகையோடு தன்னைப் பிணைத்திருந்த கணுக்கால் கயிற்றைக் கழற்றி, நீலப் பலகையின் பின்பக்க வளையத்தில் மாட்டினாள்.

"அன்பு, என்ற கை இதை அழுத்திட்டு இருக்குது. எடுத்தா காத்துப் போயிரும். நீதான் இழுக்கோணும்."

"என்னால முடியாது. அழுகையா வருது."

"அழுவறதை யாரு நிறுத்தச் சொன்னா? அழுதுட்டே துடுப்புப் போடு. ரெண்டையும் ஒண்ணாச் செய்யலாம்."

அன்புசெல்வி ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் மிதந்த துடுப்பை எடுத்தாள். ஒரு தள்ளு, ஒரு விசும்பல். ஒரு தள்ளு, ஒரு விசும்பல். கயிறு விறைத்தது. ஆரஞ்சுப் பலகை நகர்ந்தது.

பாதி தூரத்தில் விசும்பல் நின்றுவிட்டது. துடுப்பு நிற்கவில்லை.

கோரைப்புல்லுக்குள் நுழைந்து சேற்றில் கால் வைத்தபோது யாழினியின் கட்டைவிரல் வெளிறிச் சுருங்கிப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் விஜயராணி அக்காவும் டேனியலும் வந்து சேர்ந்தார்கள். அக்கா முதலில் இருவருக்கும் துண்டைப் போர்த்திவிட்டார். பிறகுதான் பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு போட்ட ஒட்டு?"

அன்புசெல்வி யாழினியைப் பார்த்தாள். இப்போது சந்தேகப்படுவது அவள் முறை. சொல்லிவிடுவாளோ?

யாழினி வாயைத் திறக்கவில்லை. போர்த்தியிருந்த துண்டுக்குள் அன்புசெல்வியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நானுங்க அக்கா" என்றாள் அன்புசெல்வி. நடந்ததை முழுவதும் சொன்னாள்.

டேனியலுக்குக் குழப்பமாகிவிட்டது. "அப்ப யாழினி பின்னால வரோணும்னு அன்பு காத்தை எறக்கி விடலையா? நீதானே யாழினி காலையில அப்படிச் சொன்ன?"

அன்புசெல்வி கையை இழுத்துக்கொண்டாள்.

யாழினிக்குக் காது மடல் சுட்டது. "சொன்னேன்" என்றாள். "உன்னைக் கேக்காமயே சொல்லிட்டேன். தப்புத்தான் அன்பு."

விஜயராணி அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தி கிழிச்சதைச் சொல்லல. இன்னொருத்தி கேக்காமயே முடிவு பண்ணீட்டா. நானும் ஒழுங்காக் கவிழ்த்துப் பாக்காம தட்டி மட்டும் பாத்துட்டேன். இன்னைக்கு இதோட போதும். அடுத்த ஞாயித்துக்கிழமை இந்தக் கிழிசலுக்குச் சரியான பசை கொண்டாறேன். அது காயறவரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பலகைதான்."

டேனியலும் அக்காவும் மற்ற பலகைகளின் காற்றை இறக்கப் போனார்கள். தோழிகள் இருவரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கிட்ட நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?" என்று யாழினி மெல்லக் கேட்டாள்.

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ என்னை ஒரு மாதிரி பாத்தயா, வாயே வரல."

யாழினி தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். "ரொம்ப மோசமாவா பாத்தேன்?"

அன்புசெல்வி கண்ணைச் சுருக்கி, மூக்கை விடைத்து, அப்படியே செய்து காட்டினாள். யாழினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்புசெல்விக்கும்தான்.

அடுத்த ஞாயிறு, நீலப் பலகையில் முன்னால் யாழினி, பின்னால் அன்புசெல்வி. முதல் பத்து நிமிடம் பலகை நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. "வலது பக்கம் போடு." "உன்ற வலதா, என்ற வலதா?" "ரெண்டு பேருக்கும் ஒரே வலதுதான்." அதன் பிறகு, அக்காவுக்கும் டேனியலுக்கும் பின்னால் பலகை நேராகப் போனது.

அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கன்னையன் தாத்தா, பனிக்குள்ளிருந்து வந்தவர்களை நம்பாமல் பார்த்தார். பலகையைக் கோலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார்.

"ஏங் கண்ணுகளா, இத்தனூண்டு பலகையில ரெண்டு பேரா வந்தீங்க? நடுக்குளத்துல விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அதெல்லாம் போன வாரமே விழுந்துட்டமுங்க" என்றாள் அன்புசெல்வி.