அங்கே ஏத்துக்கல

மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு அவள் பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தாள். லிப்ட் ரிப்பேர். என்றைக்குச் சரியாகும் என்று கீழே கேட்டதற்கு, வாட்ச்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாளிதழைப் புரட்டினான்.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன உடம்பு, வேகமான நடை. ஐந்து வருடம் கழித்து நர்ஸ் யூனிபார்மைப் போட்டிருந்தாள். இடுப்பில் அது தொளதொளவென்று தொங்கியது.

கைப்பையில் இருந்த உத்தரவை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். குற்றமற்றவர் என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை. 'போதிய ஆதாரம் இல்லாததால் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளலாம்.' அவ்வளவுதான். ஐந்து வருடத்துக்கு ஒரு வரி. உனக்குக் கடவுள் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார் என்று அவள் அண்ணன் போனில் சந்தோஷப்பட்டான். முதல் வாய்ப்பில் நான் என்னடா தப்பு பண்ணினேன் என்று கேட்க நினைத்து, வாயை மூடிக்கொண்டாள்.

அது பெண்கள் வார்டு. பத்துக் கட்டில், இரண்டே நோயாளிகள். நான்காவது கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒரு பஸ் கண்டக்டர் அம்மா. ஏழாவதில் பக்கவாதம் வந்து நினைவில்லாமல் கிடந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர். கடைசிக்கு முந்தின ஒன்பதாவது கட்டிலைச் சுற்றி, சக்கரம் வைத்த பச்சைத் துணித் திரை நிறுத்தியிருந்தது.

"அங்க யாரு?" என்று குருவி கேட்டாள்.

"யாரும் இல்ல சிஸ்டர். நாலு மாசமா ஆள் ஏறலையாம், இறங்கலையாம்" என்றாள் கண்டக்டர்.

நாலு மாதத்துக்கு முன் அந்தக் கட்டிலில் செத்தது யார் என்று குருவிக்குத் தெரியும். பெரிய சிஸ்டர். எல்லா நர்சுகளுக்கும் சீனியராக இருந்தவள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் புதுக் கட்டடத்தில், இதே மாதிரி ஒரு மத்தியானம், மூன்று மணி. வயிற்றில் ஆபரேஷன் முடிந்த ஒரு காலேஜ் பெண் மணியை அடித்தாள். அந்தப் பக்கக் கட்டில்கள் பெரிய சிஸ்டருடைய பொறுப்பு. அவள் டியூட்டி ரூமில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். மணி மூன்று தடவை அடித்தது. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து அந்தப் பெண் போய்விட்டாள். சாயங்காலம் ரிஜிஸ்டரைப் பார்த்தால், அந்தக் கட்டிலுக்கு நேராகக் குருவியின் பெயர். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு எழுதியிருந்தது. விசாரணையில் பெரிய சிஸ்டர் பைபிளின் மேல் கை வைத்து அதையே சொன்னாள். பிறகு மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனாள்.

குருவிக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரமே கை கழுவிவிட்டார்கள்.

இதையெல்லாம் நினைத்தபடி அவள் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது யூகலிப்டஸ் தைல வாசனை வந்தது. பெரிய சிஸ்டர் தலைவலிக்குத் தடவுகிற தைலம். மின்விசிறி ஓடியும் அந்த வாசனை நகராமல் ஒரே இடத்தில் நின்றது.

திரைக்குக் கீழே இரண்டு கால்கள். வெள்ளை சாக்ஸ்.

"குருவி... மன்னிச்சிடு."

குரல் கிசுகிசுப்பாக, காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கையிலிருந்த மாத்திரைகள் தரையில் சிதறின. ஓடிப்போய்த் திரையை விலக்கினாள். வெறும் மெத்தை. விரிப்பில் யாரோ அப்போதுதான் உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு குழி.

முதல் நாள் பயந்தாள். இரண்டாம் நாளும் பயந்தாள். மூன்றாம் நாள் எரிச்சல் வந்துவிட்டது. உயிரோடு இருந்த நாலரை வருடத்தில் ஒரு போன் பண்ணத் தோன்றவில்லை; செத்த பிறகு வேலை நேரத்தில் வந்து நிற்கிறாள். மன்னிப்புத்தானே வேண்டும், வாங்கிக்கொண்டு போகட்டும்.

"மன்னிச்சுட்டேன். போங்க சிஸ்டர்."

திரைக்குப் பின்னாலிருந்து அதே குரல் வந்தது.

"அங்கே ஏத்துக்கல."

சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. திரை தானாக நகர்ந்து, எட்டாவது கட்டிலைச் சுற்றி நின்றது.

மறுநாள் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள். 'அங்கே ஏத்துக்கல' என்று அதே பதில். திரை ஏழாவது கட்டிலுக்கு வந்தது. அங்கே டீச்சர் படுத்திருந்தாள்.

குருவி ஓடிப்போய் டீச்சரின் கையைப் பிடித்தாள். பிரிட்ஜில் வைத்த இறைச்சி போல இருந்தது கை. நாடி நூலாக ஓடியது. அலறி டாக்டரை வரவழைத்து, நாலு பேர் தூக்கி, லிப்ட் இல்லாத படிக்கட்டில் இறக்கித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கீழே போனதும் டீச்சருக்குச் சூடு திரும்பியது. உடம்பு ஏன் குளிர்ந்தது என்று டாக்டருக்கு விளங்கவில்லை; விளங்காத கோபத்தை அவர் குருவி மேல் காட்டிவிட்டுப் போனார்.

டியூட்டி முடிந்ததும் அவள் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்துப் பாதிரியாரிடம் போனாள். அவர் கேட்டுக்கொண்டே பலிபீடத்துப் பூச்சாடியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். பேயா, பிரமையா என்று அவர் விசாரிக்கவில்லை. அதுவே அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அடுத்து, கடவுளின் இரக்கத்துக்கு எல்லை கிடையாது, நாமும் மன்னிக்கத்தான் வேண்டும் என்று ஆரம்பித்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

"வாயால ரெண்டு தடவை சொல்லியாச்சு ஃபாதர். இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீங்க? அவங்களுக்கு மேல ஒரு நியாயத்தீர்ப்பு, அதுல இன்னொரு வாய்ப்பு. என்னோட அஞ்சு வருஷத்துக்கு எங்க போய்க் கேக்குறது?"

"அது நான் சொல்லி வர்ற காரியம் இல்லம்மா" என்றார் அவர். பிறகு, அந்த நாளைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத்தில், பாவங்களை அறிக்கையிடும்போது, என்ன சொல்லியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? தப்பு பண்ணது அவங்க."

பாதிரியார் பலிபீடத்தின் பக்கம் திரும்பினார். பூச்சாடியைத் துடைத்து வைத்தார். அவர் ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று வீடு போகிற வரைக்கும் அவள் பொருமிக்கொண்டே போனாள்.

மறுநாள் முழங்கால் போட்டுக் கண்ணீரோடு சொன்னாள். திரை ஆறுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் மூன்று மணி நேரம் காதோரம் 'மன்னிச்சிடு' என்ற அந்த ஒரே வார்த்தை விடாமல் கேட்டதில் பொறுமை போய், "மன்னிச்சுத் தொலைச்சேன், ஆளை விடுங்க!" என்று கத்தியே விட்டாள். சக்கரம் கிறீச்சிட்டது.

ஐந்து.

பக்கத்துக் கட்டிலில் கண்டக்டர் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"சிஸ்டர், அது ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா வருது. அடுத்தது நான்தானே?"

வேறு வார்டுக்கு மாற்றக் குருவி அன்று மாலையே எழுதிக் கேட்டாள். லிப்ட் சரியாகிற வரைக்கும் மாவுக்கட்டுக்காரர்களை இறக்க முடியாது என்று பதில் வந்தது. டீச்சரை இறக்கியது எப்படி என்று கேட்டதற்கு, அது அவசரம் என்றார்கள்.

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பாதிரியார் கேட்ட கேள்வி செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்தியது. தப்பு பண்ணது அவங்க. சரி. மணி மூன்று தடவை அடித்தது. அதுவும் சரி.

மூன்று தடவை என்று எனக்கு எப்படித் தெரியும்?

எண்ணினேன். அதனால் தெரியும்.

அந்தக் காலேஜ் பெண் செத்த அன்று காலை ஷிப்ட் போடுவதில் பெரிய சிஸ்டர் எல்லோர் முன்னாலும் அவளை மட்டம் தட்டியிருந்தாள். மணி அடித்தபோது குருவி இருபதடி தள்ளி, வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முதல் மணி. அவங்க பெட்டு, அவங்க எழுந்து போகட்டும். இரண்டாவது மணி. மாட்டட்டும், நல்லா மாட்டட்டும். மூன்றாவது மணிக்குக் குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டாள்.

விசாரணையில் இதை அவள் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. செத்துப்போன பெண்ணின் அம்மா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். குருவி கவுன்ட்டருக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா தாளை வைத்து, மூடி, பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள். பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் போய்ப் போய் வந்தது. குருவி சொல்லி முடித்த பிறகும் மெஷின் எட்டுப் பத்துத் தாள்களைத் துப்பியது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றாள் குருவி.

"என்னால முடியலம்மா." குரல் உயரவில்லை. "மன்னிக்கணும்னு தினமும் ஜெபத்துல கேக்குறேன். வாய் சொல்லுது. மனசு வரமாட்டேங்குது. நீ போ."

அவள் போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமே நின்றாள். ஒரு ஆள் அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்து, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா என்றான். தள்ளி நின்றாள். அந்த ஆள் போன பிறகும் நின்றாள். அந்த அம்மா கடைசி வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடை ஷட்டரை இறக்கினபோதுதான் குருவி நகர்ந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் வார்டுக்குள் நுழைந்ததுமே தைல வாசனை முகத்தில் அறைந்தது. ஜன்னல் நிறைய வெயில் இருந்தும் வாயிலிருந்து புகை வருகிற அளவுக்குக் குளிர். திரை ஐந்தாவது கட்டிலில்தான் நின்றது. ஆனால் அதன் ஓரத் துணி கண்டக்டரின் போர்வையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இன்னொரு பொய்க்கு இடமில்லை.

"சிஸ்டர், உள்ள போகாதீங்க" என்றாள் கண்டக்டர். பற்கள் தந்தியடித்தன.

குருவி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இந்தத் தடவை கட்டில் வெறுமையாக இல்லை.

பெரிய சிஸ்டர் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கலையாத கொண்டை, மடிப்புக் கலையாத யூனிபார்ம். கண் எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. மன்னிச்சிடு, மன்னிச்சிடு, மன்னிச்சிடு. சத்தமே வரவில்லை. நாலு மாதம் நிற்காமல் சொன்ன வாய். உதடுகள் தேய்ந்து, வெடித்து, அந்த ஒரு வார்த்தையின் அச்சிலேயே வளைந்து போயிருந்தன.

குருவி எதிரே நிற்க முடியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மெத்தை அந்தப் பக்கமும் அமுங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அங்கே கனம் இருந்தது.

"அன்னிக்கு மணி எனக்கும் கேட்டுச்சு சிஸ்டர்."

உதடு நின்றது.

"எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க மாட்டணும்னு போகாம இருந்தேன். அந்தப் பொண்ணுகிட்ட நாம ரெண்டு பேருமே போகல."

மெள்ள, கழுத்து நெட்டி முறிகிற சத்தத்தோடு, அந்த முகம் அவள் பக்கம் திரும்பியது. குருவி கண்ணை மூடவில்லை. நேற்று நின்ற அந்தக் கவுன்ட்டர் ஞாபகம் வந்தது. ஷட்டர் இறங்கின சத்தம் ஞாபகம் வந்தது.

"எனக்கு இன்னும் உங்க மேல கோவம் இருக்கு. போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க இப்படி உக்காந்திருக்க வேணாம். யாருமே இப்படி உக்காந்திருக்க வேணாம். அங்க யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க. குருவி போகச் சொல்லிட்டான்னு சொல்லுங்க."

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

'அங்கே ஏத்துக்கல' என்று பதில் வரவில்லை.

பக்கத்தில் அமுங்கியிருந்த மெத்தை மட்டும் மெதுவாக மேலே எழும்பியது. வெளியே கண்டக்டர், "அம்மாடி, வேர்க்குது சிஸ்டர், அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே குருவி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். மணி கேட்டதையும் போகாமல் நின்றதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தாள். மூன்று வாரமாகியும் பதில் இல்லை. போய்க் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். ஜெராக்ஸ் கடைக்கு ஒவ்வொரு விடுமுறையிலும் போனாள். அந்த அம்மா இன்னும் பேசவில்லை. ஆனால் போன தடவை, போ என்றும் சொல்லவில்லை.

கண்டக்டர் மாவுக்கட்டு பிரித்து வீட்டுக்குப் போய்விட்டாள். லிப்ட் ஓட ஆரம்பித்தது. நேற்று, பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு இளம்பெண்ணைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த ஊருக்கே புதியவள். எந்தக் கதையும் தெரியாதவள். இந்த வாரம் குருவிக்குக் காலை ஷிப்ட்; இன்று அவள் டியூட்டிக்கு வந்ததும், அந்தப் பெண் நன்றி சொல்லத் தொடங்கினாள்.

விடியற்காலையில் தாகம் தாங்காமல் முனகினாளாம். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூப்பிடுவதற்கு முன்பே ஒரு வயதான சிஸ்டர் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சை நனைத்து, விடிகிற வரைக்கும் அவள் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார்களாம்.

"கைதான் ரொம்ப ஜில்லுனு இருந்துச்சு சிஸ்டர். ஆனா தூங்கவே இல்ல அவங்க. ஒரு நிமிஷம் கூட."

குருவி ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தாள். அந்த நேரத்துக்கு வர வேண்டிய நர்ஸ் லீவு. மாற்று ஆள் போடவில்லை. விடியும் வரை வார்டில் யாருமே இல்லை.

தலைமாட்டு மேஜையில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அதன் விளிம்பைத் தொட்டாள்.

விரல் ஒட்டிக்கொள்கிற அளவுக்குக் குளிர்ந்திருந்தது. உள்ளே பஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது.