இரண்டு முறை விழுந்த டின் மாமா

"ஐயோ... டின் மாமா செத்துட்டாரு!"

சிட்டாள் போட்ட அலறலில் லாரி டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சுங்கை மெராந்தித் தோட்டத்து மண்டப வாசல்.

ஆவுடையம்மை டீச்சர் ஓடினாள். ஓடும்போது அவள் மனதில் முதலில் வந்தது இதுதான்.

இந்தத் தடவையும் போச்சு.

வெட்கப்பட வேண்டிய நினைப்புதான். ஆனால் அவள் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். அண்டவெளி வாசகர் மன்றத்துக்கு அவள் செயலாளர். ராக்கெட், செவ்வாய்க் கிரகம், இயந்திர மனிதன் என்று கதை படித்துப் பைத்தியம் பிடித்த கொஞ்சம் பேர்தான் மன்றம். வருடம் 1958. ரஷ்யாக்காரன் ஆகாயத்தில் உருண்டையைச் சுற்றவிட்டு முடித்துவிட்டான். மன்றத்தால் தோட்டத்துக் கம்பி வேலியைத் தாண்ட முடியவில்லை.

பெடாஸ் சுடுதண்ணீர் ஊற்றுக்குக் கிளம்பினார்கள். ஊரடங்கு.

தம்பின் சந்தைக்குக் கிளம்பினார்கள். நடு ரோட்டில் மரம் கிடந்தது. காட்டுக்காரர்கள் வேலை; காட்டுக்குள் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்தில் அந்தப் பெயர்தான்.

போர்ட்டிக்சன் கடலுக்குப் பர்மிட் கேட்டாள். கேட்டாள்... கேட்டாள்... கேட்டுக்கொண்டே இருந்தாள். கிடைத்ததெல்லாம் தொண்டுக்கான பர்மிட்தான். லுக்குட்டில் அநாதைப் பிள்ளைகள் இல்லம். போய்ச் சுண்ணாம்பு அடி, நாடகம் போடு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வா. அங்கே கடல் காற்று மூக்கில் படும். கடல் காலில் படாது.

இன்றைய பர்மிட்டில்தான் முதல் முறையாகக் கடலும் இருந்தது. லாரியில் அவள் மகள் காமாட்சி, மண் அள்ளுவதற்கு வாளியோடு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது பார்த்து டின் மாமா செத்துக் கிடக்கிறார்.

மேடைப் படிக்குக் கீழே, குப்புற.

டின் மாமா என்பது நாடகத்தில் வரும் இயந்திர மனிதன். காலிப் பால் டின்களைக் கம்பியில் கோத்து, வெள்ளிச் சாயம் பூசி, டீச்சர் கையால் செய்த சட்டை. தலைக்குப் பிஸ்கட் டின். உள்ளே இருப்பவன் மாயாண்டி, ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவன். தோட்டத்திலேயே சட்டையை மாட்டிக்கொண்டுதான் லாரி ஏறுவான். கேட்டில் அரிசிப் பையையும் சோற்றுத் தூக்கையும் கம்பியால் குத்திப் பார்க்கிற காவலர்கள், டின் மாமாவைக் கண்டால் மட்டும் சிரித்துவிட்டு வழி விடுவார்கள்.

பிஸ்கட் டின் நசுங்கியிருந்தது. அதன் கீழிருந்து ரத்தம்.

"தொடாதீங்க யாரும்." கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் திருநாவுக்கரசு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். மன்றத்தின் தலைவர். மண்டியிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தார். "நாடி இருக்கு. பின்னாலருந்து எவனோ அடிச்சிருக்கான்."

"அப்ப சட்டையக் கழட்டுவோம் ஐயா. மூச்சாவது விடட்டும்."

"வேணாம் டீச்சர். இது போலீஸ் கேசு. இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நான் ஆபீசுக்குப் போயி போன் அடிச்சிட்டு வந்துடறேன்."

சைக்கிளில் பறந்தார்.

"அடிக்கிறவன் நாளைக்கி அடிக்கக் கூடாதா லா?" என்றார் அப்துல் மஜீத். தோட்டத்துக் கடைக்காரர். மன்றத்துக்குப் பத்திரிகைகள் வரவழைத்துக் கொடுப்பவர். "கடலுக்குப் போற நாளாப் பாத்தா அடிப்பான்?"

"மனுசன் மண்டை ஒடஞ்சி கெடக்கான். ஒங்களுக்குக் கடலு, பாய்?"

"எனக்கும் டீச்சருக்கும் ஒரே வயித்தெரிச்சல்தான், சிட்டாளு. டீச்சர் வெளிய சொல்லல. நான் சொல்லிட்டேன்."

 

"போன தடவையே மாயாண்டி சொன்னான் டீச்சரம்மா," என்று மூக்கைச் சிந்தினாள் சிட்டாள். பிள்ளைக் கொட்டகை ஆயா அவள். "சட்டை ரொம்ப கனக்குதுன்னான். டிரஸ்ஸரு, ஒனக்கு வயசாவுதுடான்னு சொல்லிச் சிரிச்சாரு."

சிட்டாள் கொண்டுவந்த காப்பி ஆறுவதற்குள் ஜீப் சத்தம் கேட்டது.

கறுப்புக் கண்ணாடி. இடுப்பில் பிஸ்டல். விறைப்பான காக்கி. தானே ஓட்டி வந்திருந்தார்.

"இன்ஸ்பெக்டர் சொக்கப்பன். லுக்குட் ஸ்டேஷன். எங்கே ஆளு?"

பின்னாலேயே கேட்டுக் காவல் கோப்பரல் யூசோப் ஓடி வந்து சலாம் அடித்தான். சைக்கிளில் டிரஸ்ஸரும் வந்து சேர்ந்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். மாயாண்டியின் தலையைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தார். விரலை மடக்கி ஒரு டின்னைத் தட்டினார்.

டங்.

அடுத்ததைத் தட்டினார்.

தொப்.

"காலி டின்னு இப்படியா சத்தம் போடும்?"

நகத்தால் வெள்ளிச் சாயத்தைச் சுரண்டினார். ஓட்டை இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை.



அந்தக் காலத்தில் துப்பாக்கி வைத்திருந்தவனுக்கும் ஓட்டையில்லாத டின் வைத்திருந்தவனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மூடிய டின் காட்டுக்குள் போய்ப் பல மாதம் தாங்கும். குத்திய டின்னில் எறும்பு ஏறிவிடும். ஆகவே கடைக்காரர் விற்கும்போதே குத்தித்தான் கொடுக்க வேண்டும். மஜீத் பாய் குத்தூசியைக் கயிற்றில் கட்டி இடுப்பிலேயே தொங்கவிட்டிருப்பார். கல்யாணத்துக்கும் அதோடுதான் போவார்.

மூடிய டின்னைக் கண்டதும் அவர் கை தானாக ஊசிக்குப் போனது.

"கைய எடு."

"பழக்கம் சார்."

"சாட்சிப் பொருள். குத்தக் கூடாது. தொடக் கூடாது." இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "இந்தச் சட்டையச் செஞ்சது யாரு?"

"நான்தான்," என்றாள் டீச்சர்.

"பர்மிட்டுல கையெழுத்து?"

"அதுவும் நான்தான்."

"காட்டுக்குப் பால் அனுப்புற மன்றத்துக்குச் செயலாளர். நல்ல தொண்டு. ஆயுசு பூரா உள்ள இருக்கலாம், தெரியுமா?"

டீச்சர் லாரியைப் பார்த்தாள். காமாட்சி வாளியை ஆட்டிக் காட்டினாள். எப்பம்மா கிளம்புறோம் என்று அர்த்தம்.

"சார்... நான் கோத்தது பூரா காலி டின்னு. பிள்ளைக் கொட்டகையில மிஞ்சினது. வேணும்னா சிட்டாளக் கேளுங்க."

"கேட்டா? நீங்க எல்லாரும் ஒரே மன்றம்தானே."

டீச்சருக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. இத்தனை வருடம் கும்பிட்டு, கெஞ்சி, கால் கடுக்க நின்று வாங்கிய ஒரே ஒரு நாள். அதிலும் ஜெயிலா?

சட்டென்று மண்டியிட்டாள்.

அவள் கோத்த டின்கள் எல்லாவற்றிலும் மஜீத் பாய் குத்திய ஓட்டைகள் இருந்தன. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் அவள் கம்பியை விட்டிருந்தாள். ஓட்டையில்லாத டின்னில் கம்பி எப்படி நுழையும்? விரலால் தடவினாள். நுழையவில்லை. ஒட்டியிருந்தது. துணிப் பிளாஸ்திரி. அதன் மேல் புதிய வெள்ளிச் சாயம்.

புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரி.

கடையில் இருக்கிற டின்னுக்குப் போலீஸ் கணக்கு உண்டு. நோயாளிகளுக்கென்று ஆஸ்பத்திரிக்கு வருகிற டின்? டிரஸ்ஸர்தான் வாங்குவார். டிரஸ்ஸர்தான் திறப்பார்.

அவள் எழுந்தாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"சார். தனியா ஒரு வார்த்தை."

மண்டபத்து ஓரம் வந்தார்கள்.

"டிரஸ்ஸர்தான் சார். ஒவ்வொரு தடவையும் மூணாங்கட்டை வளைவுல லாரிய நிப்பாட்டச் சொல்லுவாரு. மாயாண்டிக்கு அவசரம்னு சொல்லி, சட்டையக் கழட்டிப் பொதருக்குப் பின்னால வைப்பாரு. திரும்பப் போட்டா லேசா இருக்கும். ஒண்ணுக்குப் போனா இவ்வளவு லேசாவுமா டீச்சர்னு அவன் எங்கிட்ட கேட்டான் சார். நான் சிரிச்சிட்டு விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முதல் முறையாகச் சிரித்தார்.

"கத படிக்கிறவங்க மூளை சும்மாவா. வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. தப்பிச்சிருவான். நீங்க ஜீப்புல ஏறுங்க. கைதி மாதிரி வாங்க. மத்தத ஸ்டேஷன்ல வச்சுக்குவோம்."

திரும்பிக் கத்தினார். "அந்த ஆளச் சட்டையோட தூக்கி ஜீப்புல ஏத்துங்க."

"ஆஸ்பத்திரிக்கா சார்?" என்றார் மஜீத்.

"லுக்குட்டுக்கு. தூக்கு."

மஜீத்தும் லாரி டிரைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மாயாண்டியை நிமிர்த்தினார்கள். முக்கினார்கள். முனகினார்கள். "என்னா கனம் லா... இரும்புச் சாமான் கடையையே தூக்குற மாதிரி..."

டீச்சருக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியிருந்தது. நல்ல மனுஷன் இந்த இன்ஸ்பெக்டர். ஜீப்பை நோக்கி நடந்தாள். வழியில் தோட்டத்து ஆபீஸ்.

கதவில் பூட்டு தொங்கியது.

இரண்டு அடி தாண்டிப் போன பிறகுதான் அவள் கால் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. சாவியோடு துரை நேற்றே சிரம்பானுக்குப் போய்விட்டார். தோட்டத்தில் இருக்கிற ஒரே டெலிபோன் அந்தப் பூட்டுக்கு உள்ளே இருக்கிறது.

அப்படியானால் டிரஸ்ஸர் எங்கிருந்து போன் அடித்தார்?

லுக்குட்டிலிருந்து ஜீப் எப்படிக் காப்பி ஆறுவதற்குள் வந்தது? காட்டு ரோட்டில் எந்தப் போலீஸ் ஜீப்பாவது தனியாக வருமா, கூட ஒரு கான்ஸ்டபிள்கூட இல்லாமல்?

மூணாங்கட்டை வளைவில் காத்திருந்த ஜீப் என்றால்... சைக்கிள் தூரம்தான்.

கடவுளே. யாரிடம் போய் யாரைக் காட்டிக் கொடுத்தேன்?

இது ஜெயிலுக்குப் போகிற ஜீப் இல்லை.

"என்ன நின்னுட்டீங்க?" பின்னால் குரல். ரொம்ப மென்மையாக. "ஏறுங்க டீச்சர்."

"ஏறுறேன் சார். நீங்க ஒண்ணு மறந்துட்டீங்க."

"என்ன?"

"டின்னக் குத்தல."

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஸ்டேஷன்ல குத்திக்கலாம்."

"மூடின டின்னு கேட்டத் தாண்டக் கூடாதே சார். போலீசே கொண்டு போனாலும். நீங்கதானே எங்களுக்கு அடிச்சி அடிச்சிச் சொல்லிக் குடுத்தீங்க?" குரலை உயர்த்தினாள். "கோப்பரல்! குத்தணுமா வேணாமா?"

யூசோப் அந்த வேலைக்கென்றே சம்பளம் வாங்குகிறவன். கையில் இருந்த இரும்புக் கம்பியை உயர்த்தினான்.

"பெத்துல் லா, துவான். மெஸ்தி தெபோக் டூலூ. சரிதான் சார், மொதல்ல குத்தணும்."

"நான் இன்ஸ்பெக்டர். நான் சொல்றேன், வேணாம்."

யூசோப்பின் நெற்றி சுருங்கியது. பத்து வருடமாக எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவன். குத்தாதே என்று சொன்ன அதிகாரியை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"பாய், ஊசி."

மஜீத் ஏன் என்று கேட்கவில்லை. மாயாண்டியைப் பிடித்திருந்த கையை விட்டு, கயிற்றை அறுத்து வீசினார். டீச்சர் மாயாண்டியின் நெஞ்சில் இருந்த டின்னில் ஓங்கிக் குத்தினாள். அடுத்தது... அதற்கடுத்தது... பெடாஸுக்கு ஒன்று, தம்பினுக்கு ஒன்று, போர்ட்டிக்சனுக்கு மிச்சமெல்லாம். வெள்ளிச் சட்டை முழுக்க வெள்ளைப் பால் கெட்டியாக வழிந்தது.

டிரஸ்ஸர் வேலிப் பக்கம் ஓடினார்.

இன்ஸ்பெக்டரின் கை பிஸ்டலுக்குப் போனது. உருவினான். ஆமாம், இனி அவனுக்கு 'ர்' எதற்கு?

"ஊசியக் கீழ போடு. ஜீப்புல ஏறு. சுட்டுருவேன்."

மாயாண்டி கண்ணைத் திறந்தான்.

"யாரு... எம்மேல பால ஊத்துறது? நான் இன்னும் சாவல..."

ஒரு அடி எடுத்து வைத்தான். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்த லாரி டிரைவரால் பாரம் தாங்க முடியவில்லை. மேடைப் படியில் எது நடந்ததோ அதுவேதான் மறுபடியும் நடந்தது.

டின் மாமா விழுந்தார்.

இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் மேல்.

ஆளும் டின்னும் பாலுமாக அவ்வளவு கனமும் ஒரே நேரத்தில் இறங்கியது. பிஸ்டல் உருண்டு வந்து யூசோப்பின் பூட்ஸில் முட்டியது. அவன் அதை எடுத்து, பால் படாமல் துடைத்து, யார் பக்கம் நீட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் நீட்டினான்.

லாரி டிரைவர் போய்த் தகவல் சொல்லி, உண்மையான இன்ஸ்பெக்டர் ஜஹாங்கீர் வந்தபோது மதியமாகிவிட்டது. கூடவே இரண்டு லாரி போலீஸ். டிரஸ்ஸர் முள்கம்பியில் மாட்டிக்கொண்டு, தன் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரிக்காகக் கத்திக்கொண்டிருந்தார். சொக்கப்பன் காட்டுக்காரர்களின் ஆள்; அவன் போட்டிருந்த காக்கி உடை, மூன்று மாதத்துக்கு முன் ஒரு சலவைக் கடையில் காணாமல் போனது.

"என்னை அடிச்சது யாரு டீச்சர்?" என்றான் மாயாண்டி. தலையில் கட்டு.

"யாரும் அடிக்கல மாயாண்டி. மத்த தடவையெல்லாம் டிரஸ்ஸர் கொஞ்சம் டின்ன மாத்துவாரு. இன்னிக்கு ஆசை தாங்காம சட்டையில முக்காவாசிய மாத்திட்டாரு. படி எறங்கறப்ப பாரம் ஒன்னத் தள்ளிருச்சு."

"அப்ப எனக்கு வயசாவலயா?"

"இல்ல."

"அது போதும் டீச்சர்."

சிட்டாளும் பிள்ளைகளும் சட்டையைச் சுற்றி உட்கார்ந்து, குத்திய டின்களைச் சட்டப்படி காலி செய்துகொண்டிருந்தார்கள். காமாட்சியின் மண் வாளியில் பாதிக்குப் பால்.

டீச்சர் புடவையைச் சரிசெய்துகொண்டு ஜஹாங்கீரிடம் போனாள்.

"சார். நாங்க கிளம்பலாமா?"

"எங்கே?"

"போர்ட்டிக்சன். பர்மிட் இன்னிக்கு ராத்திரி வரைக்கும் இருக்கு."

"என்னம்மா நீங்க... இவ்வளவு நடந்திருக்கு. இன்னிக்கு கேட் தொறக்கவே மாட்டோம். விசாரணை முடியற வரைக்கும் இந்தத் தோட்டத்துக்கு வெளிப் பயணம் எதுவும் கிடையாது."

"எப்ப முடியும்?"

"சொல்ல முடியாது. மாசக் கணக்கா ஆகும்."

டீச்சர் கையில் இருந்த குத்தூசியை ஒரு முறை பார்த்தாள். ஜஹாங்கீர் ஒரு அடி பின்னால் போனார்.

அவருக்கே பாவமாகப் போய்விட்டது. பேச்சை மாற்றினார்.

"உங்க மன்றத்துல நிலாவுக்குப் போற கதையெல்லாம் படிக்கிறீங்களாமே. நிஜமாவே மனுஷன் அங்க போயிருவான்னு நெனைக்கிறீங்களா?"

"நிலாவுக்குத் தாராளமாப் போயிருவான் சார்," என்றாள் ஆவுடையம்மை. "போர்ட்டிக்சனுக்குத்தான் போக முடியாது."