மச்சான் பிடிக்காத கயிறு

“எங்கண்ணன் இல்லாம நீ இறங்கக் கூடாதுய்யா!”

பூவாயி கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். குப்பாண்டி கீழே எட்டிப் பார்த்தான். காலடியில் தேன்பாறை செங்குத்தாக இறங்கியது. பாறை நடுவே ஒரு குகை. அதன் வாயில் மலைத்தேனீ அடைகள் கருகருவென்று தொங்கின. வெள்ளையரோடு போரிட்டு மாண்ட பாளையக்காரர் ஒருவரின் நகைப்பெட்டி அந்தக் குகைக்குள் இருந்தது.

தேனெடுப்பவன் இறங்கும்போது மனைவியின் உடன்பிறந்தவன்தான் மேலே கயிறு பிடிப்பான். தங்கையின் தாலியறுக்க எந்த அண்ணன் கயிற்றை விடுவான்? ஆனால் பூவாயியின் அண்ணன் சடையன் சிறையில் இருந்தான். சர்க்கார் அடைத்த காட்டில் ஒரு குடம் தேன் எடுத்தது திருட்டாம். பிடித்துப் போட்டவர், இதோ நிற்கும் காட்டிலாகா அதிகாரி ஹாட்லி துரை.

துரை சிரித்தார். “மச்சானைத் தவிர எவரையும் நம்பாத ஜனம்! எங்கள் தேசத்தில் வாக்குதான் கயிறு. பெட்டி சர்க்கார் கஜானாவுக்குப் போகும். நாளையே சடையன் வீட்டுக்கு வருவான். வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம்!”

மச்சானை மீட்க வேறு வழி தெரியவில்லை. குப்பாண்டி தலையசைத்தான். துரை பூவாயியைக் கீழே போகச் சொன்னார். அவள் கம்பளியையும் தாங்கள் கொண்டுவந்திருந்த கொடிக்கயிற்றையும் எடுத்துக்கொண்டு, போவதுபோல் போய்ப் பாறை மறைவில் பதுங்கினாள்.

சேவகர் இருவர் கயிறு பிடிக்க, குப்பாண்டி இறங்கினான். பச்சிலைப் பந்தம் புகைந்தது. தேனீக்கள் உறுமின! குகைக்குள் தாவிப் பெட்டியைக் கண்டுபிடித்தான். கயிற்றில் கட்டினான். பெட்டி மேலேறியது.

“சாமி! கயித்தை விடுங்க!”

விட்டார்கள். முழுக் கயிறும் அவன் கண்முன்னே சுருண்டு சுருண்டு பள்ளத்தில் விழுந்தது.

மேலிருந்து துரையின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது. “கஜானாவா? இது என் ஊருக்குக் கப்பலேறப் போகிறது. பார்த்தவன் ஒருவனும் இருக்கக் கூடாது.”

குப்பாண்டி உட்கார்ந்துவிட்டான். பள்ளத்தைவிட அந்தச் சத்தியம்தான் அவனை அதிகம் பயமுறுத்தியது. எவ்வளவு அழகாகச் சொன்னார்!

பிறகு எழுந்தான். பந்தத்தை ஊதி, புகைக்குள் தன்னை மறைத்துக்கொண்டு, தேன்கழியால் அடைகளை ஓங்கிக் குத்தினான். கருமேகம்போல் தேனீக்கள் கிளம்பின! மேலே துரை தொப்பியை வீசி வீசி ஓடினார். ஓடுகிறவனைத்தான் மலைத்தேனீ துரத்தும். சேவகர்கள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடையை நோக்கிப் பாய்ந்தார்கள். பூவாயி மட்டும் கம்பளிக்குள் கல்லாய்க் கிடந்தாள்.

இரைச்சல் அடங்கியதும் வேங்கை மரத்தில் கொடிக்கயிற்றைக் கட்டிக் கீழே வீசினாள். “ஏறிவாய்யா! உன் துரை ஓடையில முங்கிக் கெடக்காரு!”

பெட்டியைப் புதரில் மறைத்தபின், அவள் ஓடைக்கரைக்குப் போனாள். துரையின் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

“எம்புருசன் உசிரோட இருக்காரு. பெட்டியும் எங்ககிட்ட இருக்கு. நாளைக்கு எங்கண்ணன் வரலைன்னா பெட்டி கலெக்டர் கச்சேரிக்குப் போகும். எப்படிக் கெடைச்சுதுன்னும் சொல்லுவோம்.”

மறுநாள் சடையன் வந்தான். துரை காப்பாற்றிய ஒரே வாக்கு, பயத்தில் காப்பாற்றியது.

அன்றே குப்பாண்டி பெட்டியோடு மறுபடி பாறையில் இறங்கினான். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். பாதியில் நின்று மேலே பார்த்தான்.

“சத்தியம் பண்ணினாரேன்னு நம்பிட்டேன் மச்சான்.”

சடையன் கயிற்றை இடுப்பில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

“நான் சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். இறங்கு மாப்ள.”