மூன்று மணிப் பதிவு

தங்கை அக்கா வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனபோது மதியம் இரண்டரை. அக்காவின் குடை, தண்ணீர் பாட்டில், வெள்ளைக் கோட்டு எல்லாம் ஒரே பைக்குள் அடங்கிவிட்டன. கோட்டுப் பைகளைத் துழாவினாள். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அக்கா தற்கொலை செய்துகொண்டு இருபது நாள் ஆகிறது. எதையும் எழுதி வைக்கவில்லை. அன்று காலை அவள் அழைத்தபோது, "அப்புறம் பேசறேன்" என்று துண்டித்தது தங்கைதான். அதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"இங்க அக்காவுக்கு ஏதாவது பிரச்சினையா, மேடம்?"

"நாங்களும் மண்டையை உடைச்சுக்கிறோம்மா," என்றார் பொறுப்பாளர். "டிகிரின்னுதான் அவளுக்குப் பேரு. மூணு மணிக்குக் குளிர்பெட்டி எத்தனை டிகிரின்னு குறிக்காம டீ குடிக்க வரமாட்டா. அன்னிக்கும் குறிச்சா, டீ குடிச்சா. என் புதுக் கண்ணாடியப் பாத்து, ஆந்தை மாதிரி இருக்கீங்கன்னு சிரிச்சா."

குரல் தணிந்தது.

"இப்ப யாரு குறிக்கறாங்கன்னுதான் தெரியல. அந்த ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு. நீ போய்ப் பாரு. நான் வரல."

உள்ளே ஸ்பிரிட் வாடை. குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் நேற்று வரையிலான கடைசி இருபது வரிகளும் அக்காவின் கையெழுத்து. மூன்று மணி. நான்கு டிகிரி. எல்லாம் சரி.

அக்கா இறந்த நாளின் வரியும் அப்படியேதான் இருந்தது.

தங்கை பேனாவைத் திறந்து கடைசி வரியின் கீழே எழுதினாள்: 'நான் போனை வெச்சதாலயா, அக்கா?' மூடியைப் போட்டுப் பேனாவை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

மணி மூன்று.

உறுமல் நின்றது.

பெட்டிக் கதவு திறந்து மூடும் சத்தம். நிமிர்ந்தாள். கதவு அசையவே இல்லை.

குனிந்தாள். புதிதாக ஒரு வரி இருந்தது.

மூன்று மணி. நான்கு டிகிரி. அடுத்து ஏதோ எழுதி, அடித்து, மேலும் மேலும் அடித்த கறுப்புத் திட்டு. ஓரத்தில் சின்னதாக: எல்லாம் சரி.

அக்கா டைரியில் அடித்ததையெல்லாம் தாளின் பின்பக்கம் தடவிப் படிப்பது தங்கைக்குச் சின்ன வயதுப் பழக்கம். பக்கத்தைத் திருப்பினாள். விரலை வைத்தாள்.

ஓர் எழுத்து தட்டுப்பட்டது. அது என்னவென்று பிடிபடும் முன் அதன்மேல் ஒரு கோடு விழுந்தது.

பேனா அவள் கைக்குள்தான் இருந்தது.

விரலுக்கடியில் தாள் இன்னும் புடைத்துக்கொண்டிருந்தது. கோட்டின்மேல் கோடாக.