மணிக்கூண்டு வரிசை

"அப்பா, இந்த வரிசை எதுக்கு?" என்று கேட்டான் பார்னி.

நல்ல கேள்விதான். ஆனால் நகர மண்டபத்தின் முன்வாசலிலிருந்து சதுக்கம் வரை நின்றவர்களில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

"மணிக்கூண்டு பார்க்கத்தான்டா," என்றாள் அக்கா எடித்.

"யார் சொன்னா?"

"எல்லாரும் நிக்கிறாங்களே! சத்தம் போடாதே," என்றார் அப்பா.

மணிக்கூண்டை வருடத்தில் ஒரு நாள்தான் திறப்பார்கள். எட்டு வயது நிரம்பாதவர்கள் ஏறக் கூடாது. எடித்துக்கு எட்டு நிரம்பிய வருடம் காய்ச்சல் வந்து கெடுத்துவிட்டது. இந்த முறையோடு கூண்டைப் பழுதுபார்க்க மூடிவிடுவார்கள். மறுபடி திறக்கப் பல வருடங்கள் ஆகுமாம். அந்தப் பெரிய மணியைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

மணி மூன்று அடித்தது. கதவு திறக்கவில்லை. நான்கு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

தூறல் விழுந்தது. குடைகள் விரிந்தன, வரிசை மட்டும் குலையவில்லை. முன்வாசல் பக்கம் நின்ற, சிவப்புத் தொப்பி போட்ட ஓர் அம்மா, "இதோ திறந்துடுவாங்க," என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், "ஆமாமா, திறந்துடுவாங்க," என்றார். இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

"நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமாப்பா?"

"வரிசையில முந்தறோம்னு நினைப்பாங்கம்மா."

"முந்த மாட்டேன். கேட்கத்தான்."

அவள் முன்னால் நடந்தபோது குடைகளுக்கு அடியிலிருந்து முறைப்புகள் வந்தன. "ஏ பொண்ணு, வரிசை அங்க முடியுது!"

"தெரியும்ங்க. கேட்டுட்டுத் திரும்பி வந்துடுவேன்."

வரிசையின் முதல் ஆளாகக் கைத்தடியோடு நின்றவர் பெட்டிஃபர். தினமும் நூலகத்தில் பேப்பர் படிப்பவர். எடித் அவரை அங்கே பார்த்திருக்கிறாள்.

"ஐயா, மணிக்கூண்டு எப்போ திறப்பாங்க?"

அவர் குனிந்து கிசுகிசுத்தார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"பஸ்ஸுக்கா!"

"மெதுவாப் பேசும்மா. பஸ் நிறுத்தத்துல கூரை ஒழுகுது. உக்கார்ற பலகையெல்லாம் தண்ணி. அதான் இந்த வாசல்ல ஒதுங்கினேன். அந்தச் சிவப்புத் தொப்பி அம்மா வந்து பின்னால நின்னாங்க. அவங்களும் ஒதுங்கறாங்கன்னு நினைச்சேன். திரும்பிப் பார்த்தா ஊரே நிக்குது!"

"சொல்லியிருக்கலாமே ஐயா?"

"எப்படிம்மா சொல்றது? மழையில இவ்வளவு நேரம் நின்னவங்ககிட்ட, நான் சும்மாதான் நின்னேன்னா, என்னைத் தின்னுட மாட்டாங்க? நகரவும் பயமா இருக்கு. என் பஸ் ரெண்டு போயிடுச்சு."

எடித்துக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய காதுகள் சிவந்திருப்பதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

அப்படியானால் மணிக்கூண்டுக்கு வழி எது? மண்டபத்தைச் சுற்றிப் பக்கத்துச் சந்துக்குள் போனாள். அங்கே மணிக்கூண்டுக்கு வழி காட்டும் அறிவிப்புப் பலகை காற்றில் சாய்ந்து குப்புறக் கிடந்தது. அதை ஒட்டி ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே டிரான்டர் அம்மா மடியில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். மணிக்கூண்டு அவர் பொறுப்பு.

"வாம்மா, வா! இன்னைக்கு வந்த முதல் ஆளே நீதான். இப்பவே ஏறிடு. ஏறி இறங்க அரை மணி ஆகும். இன்னும் ஒரு தடவைக்குத்தான் நேரம் இருக்கு."

அவருக்குப் பின்னால் படிக்கட்டு சுழன்று சுழன்று மேலே போனது. எடித் அதையே பார்த்தாள். ஒரு காலை முதல் படியில் வைத்தும் விட்டாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"எல்லாரும் முன்வாசல்ல நிக்கிறாங்க. அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியுமா?"

"முடியும். ஆனா எதுக்கு? இப்படிச் சுத்தி வரச் சொல்லேன்."

"முன்னால ஒரு ஐயா நிக்கிறார். தன்னாலதான் எல்லாரும் தப்பான வாசல்ல நின்னாங்கன்னு ஆகிட்டா, அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

டிரான்டர் அம்மா தலையாட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எடித் ஓடிவந்து அப்பா பக்கத்தில், தன் இடத்திலேயே நின்றுகொண்டாள். முன்கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

"நான் சொன்னேன்ல?" என்றார் சிவப்புத் தொப்பி அம்மா.

"ஒரு தடவைக்குத்தான் நேரம் இருக்கு," என்று டிரான்டர் அம்மா அறிவித்தார். "முன்னால நிக்கிற பன்னிரண்டு பேர் மட்டும் வாங்க."

எடித் எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு பேர் அவளுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிட்டார்கள். அப்பா அவள் தோளில் கை வைத்தார்.

"முதல்ல நீங்க வாங்க ஐயா," என்று டிரான்டர் அம்மா பெட்டிஃபரைக் கூப்பிட்டார்.

பெட்டிஃபர் தொண்டையைச் செருமினார். "நான் ஏறலம்மா. என் முட்டி அதுக்கு ஒத்துக்காது. அதோ, அந்தக் குழந்தைக்காகத்தான் இடம் பிடிச்சு நின்னேன்." கைத்தடியை எடித்தை நோக்கி நீட்டினார்.

அந்த ஊரில் வரிசையை மீறுவதுதான் குற்றம். இன்னொருவருக்காக நிற்பதை யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள். "அந்த முட்டியோட, ஒரு குழந்தைக்காக மழையில நின்னிருக்கார், பாருங்க!" என்று சிவப்புத் தொப்பி அம்மா உருகிப்போனார்.

அவரைக் கடக்கும்போது எடித், "நீங்க எனக்காக நிக்கலையே ஐயா," என்று கிசுகிசுத்தாள்.

"யாருக்காக நின்னேன்னு எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. ஓடு, ஓடு!"

மணி அவளைவிட உயரமாக இருந்தது. தொட்டபோது விரல்கள் சில்லிட்டன. மேலேயிருந்து சதுக்கம் முழுவதும் தெரிந்தது. ஒரு பஸ் வந்து நின்றது. கைத்தடி ஊன்றிய ஒருவர் மெல்ல ஏறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எடித் கடவுளுக்கு நன்றி சொன்னாள். ஆனாலும் ஏதோ பாக்கி இருப்பது போலவே இருந்தது.

திங்கட்கிழமை மதியம் நல்ல மழை. பள்ளி விட்டு வரும்போது மழை நின்றிருந்தது. சதுக்கத்தில் யாரும் இல்லை. நூலகத்தின் கண்ணாடிக்குள்ளே பெட்டிஃபர் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

எடித் பஸ் நிறுத்தத்துக்குப் போய்த் தன் மஃப்ளரைக் கழற்றினாள். உட்காரும் பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துடைத்தாள். பிழிந்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், ஈரம் இல்லை.

ஈர மஃப்ளரைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அவர் வெளியே வருவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.