வியாழக்கிழமை டேப்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருஷமாகிறது. 1988, ஒரு சனிக்கிழமை காலை. அதை ஓட்டும் இன்பசேகரன் வேலைக்கு வந்தபோது, அறை வாசலில் முனியம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் ராஜவேலு வியாழனன்று கழிவுத் தொட்டியில் இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்துப்போனான். நேற்றுதான் புதைத்தார்கள். வியாழனன்று அவன் வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டு வந்து தொட்டியில் விழுந்தான் என்று நிர்வாகம் சாதித்தது. வந்துபோகும் நேரம் எழுதும் கேட் நோட்டும் மாயமாகிவிட்டது.

"வேலைக்கு வந்தாருன்னு மட்டும் எழுதிக் குடு சார். செத்தவருக்குக் குடிகாரன்னு பேரு வாணாம்."

கொடுக்கத்தான் ஆசை. ஆனால் வருகைப் பதிவெல்லாம் இருந்த கம்ப்யூட்டர் டிஸ்க் நேற்று படுத்துவிட்டதே! ஞாயிறன்று எடுத்த மொத்த நகலை ஏற்றி, அதன்மேல் அன்றன்றைய மாற்றங்கள் மட்டும் பதிந்த லாக் டேப்புகளை வரிசையாக ஏற்றவேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் அடுத்தது ஏறாது.

திங்கள் ஏறியது. செவ்வாய் ஏறியது.

புதனுக்கு லாக் டேப் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்கு இன்னொரு மொத்த நகல் எடுத்திருந்தான். அப்படி எடுத்தால் அந்த எந்திரம் லாக்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். அதனால் வியாழன் டேப் புதன் நகலின் மேல்தான் ஏறும். அந்த நகலையோ, டேப் கம்மி என்று மறுநாளே அழித்துவிட்டான், பாவி.

வியாழன் டேப்பை மாட்டினான். எந்திரம் மறுத்தது. மறுபடி மாட்டினான். மறுத்தது.

"என்னாலதான் உன் பதிவு போச்சு ராஜவேலு," என்று முனகினான். அழுகை வந்துவிட்டது.

ஏ.சி. காற்றில் தொட்டி நாற்றம் அடித்தது.

அலமாரிக்குப் பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

டேப் தானாகச் சுழன்றது.

பிரிண்டர் ஒரே ஒரு வரி அடித்து நின்றது.

அதைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடினான். "வந்திருக்காரும்மா! வியாழக்கிழமை காலைல ஆறு பத்துக்கு!"

முனியம்மா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வெளிய எப்போ போனாருன்னு போட்டுக்குது?"

அந்தக் கட்டம் காலியாக இருந்தது. "போடலம்மா."

மூடிய கதவுக்குள்ளே பிரிண்டர் மறுபடியும் ஓடியது. அவள் கதவையே பார்த்தாள்.

"வேலை முடிஞ்சுபோச்சுன்னு சொல்லு சார். வூட்டுக்கு வரச் சொல்லு."

இன்பசேகரன் உள்ளே போய், ஆளில்லாத அறையில் அதை அப்படியே சொன்னான். பிறகு பிரிண்டரில் புதிதாக வந்திருந்த காகிதத்தைப் பார்த்தான். ராஜவேலு. இன்றைய தேதி. உள்ளே வந்தது, ஆறு பத்து.